சின்ன வயதில் ஆசைப்பட்ட வேலையும் இப்போது பார்க்கும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் ஆண்டு தவறாமல் வரும் தலைப்பு, 'நான் என்னவாக விரும்புகிறேன்'. அதை எழுதிய பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. கல்யாணப் பந்தியிலோ காய்கறிக் கடையிலோ என்னைப் பார்த்தால் 'தமிழம்மா' என்று ஓடி வருவார்கள். இரண்டு நிமிடம் நலம் விசாரித்துவிட்டு, 'அன்னைக்கு என்னவோ எழுதினேன், இன்னைக்கு என்னவோ ஆயிட்டேன்மா' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் அவரவர் கேட்ட வாக்கியத்தை அப்படியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். வயது வரம்பு போன்றவை அவ்வப்போது மாறும். விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தந்த ஆண்டு அறிவிக்கையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1. எல்லாப் பசங்களும் டாக்டர், போலீஸ், டீச்சர்னே சொல்றாங்களே, ஏம்மா?

கண்ணில் படுவதைத்தானே பிள்ளை கேட்கும்? டாக்டரும் போலீசும் டீச்சரும் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். அதைத் தாண்டினால் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் பக்கம் ரயில்வேயின் லோகோ, கேரேஜ் பட்டறைகளும் 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பும் இருந்ததால் வகுப்பில் நாலு பேராவது 'இன்ஜின் டிரைவர்' என்று எழுதுவார்கள். பல்லாவரத்தில் வேலை பார்த்த என் தோழியின் வகுப்பில் பைலட்டுகள் அதிகம். தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டே இருந்தால் வேறு என்ன எழுதுவார்கள்? சினிமா ஸ்டுடியோக்கள் இருக்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்து ஒரு சில ஆண்டுகளில், எங்கள் நோட்டுகளிலும் 'சாஃப்ட்வேர்' தலைகாட்டியது. எழுத்துப் பிழையோடுதான்.

ஆனால் சரக்குக் கப்பலுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிப்பவர், இன்சூரன்ஸ் சர்வேயர், சாஃப்ட்வேர் டெஸ்டர் என்று ஒரு பிள்ளையும் எழுதியதில்லை. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் உலை வைப்பது இந்த வேலைகள்தான். அப்படி ஒரு வேலை இருப்பதே பதினொரு வயதில் தெரியாது. எனவே 'கனவைக் கைவிட்டேன்' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் எதையும் கைவிடவில்லை. அன்று பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

2. ஆறாங்கிளாஸ்ல எழுதினதைப் போய் இப்போ சீரியஸா எடுத்துக்கணுமா?

முதல் வரியை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எல்லோருக்கும் ஒன்றுதான்; பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தும் எழுதியிருப்பீர்கள். காரணம் சொல்லும் இரண்டாவது வரியை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு பையன் பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தான். காரணம்: 'டிரைவர்தான் எல்லோருக்கும் முன்னால் ரோட்டைப் பார்ப்பார்.' அவன் இன்று துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறான். 'மேல ஏறி உக்காந்தா கடல் மொத்தமும் நமக்குத்தான்மா' என்றான். அவனிடம் போய் 'உன் ஆசை நிறைவேறவில்லையே' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

3. அந்த ஆசைக்குள்ள நிஜமா என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வேலை வேறு, அந்த வேலையில் உங்களைப் பிடித்து இழுத்த ஒன்று வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாப் பதிலும் இதை வைத்துத்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், அந்த வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று விசாரியுங்கள். கலெக்டர் என்றதும் சுழல்விளக்குக் காரும் சல்யூட்டும்தான் நினைவுக்கு வரும். திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் மனுவோடு வரிசையில் நிற்பவர்களுக்கு மணிக்கணக்கில் பதில் சொல்வது, கோப்பு, கோர்ட் வழக்கு, மழைக்காலத்தில் தூங்காத ராத்திரிகள், இவைதான் பெரும்பங்கு. இதைக் கேட்டபிறகும் ஆசை குறையவில்லை என்றால் உங்களுக்கு அந்த வேலையே பிடித்திருக்கிறது. காரோடு ஆசை வடிந்துவிட்டால், நீங்கள் கேட்டது மரியாதையை. அதில் தப்பில்லை, ஆனால் அதை வேறு இடத்திலும் சம்பாதிக்கலாம்.

அடுத்து, யாருக்குமே தெரியாமல் செய்யச் சொன்னால் செய்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக்காரி ஆக ஆசைப்பட்ட என் மாணவிகளில் ஒருத்தி குளியலறையில் பாடினாலே போதும் என்றாள். இன்னொருத்தி, 'மேடை இல்லாம எதுக்கும்மா பாடணும்?' என்றாள். இரண்டாமவள் இப்போது நிகழ்ச்சித் தொகுப்பாளர், நன்றாகவே இருக்கிறாள்.

மூன்றாவது, விளையாட்டு. டீச்சர் விளையாட்டு விளையாடியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? சுவரில் எழுதினீர்களா, அட்டென்டன்ஸ் எடுத்தீர்களா, ஸ்கேலால் அடித்தீர்களா? அட்டென்டன்ஸ் எடுத்தவர்களை நான் பெரும்பாலும் ஹெச்.ஆர். டிபார்ட்மென்டில்தான் சந்திக்கிறேன். அடித்தவர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.

4. எனக்குக் கனவுன்னு ஒண்ணே இருந்ததில்லை. குறையா?

இல்லை. கட்டுரைக்காக ஏதோ ஒன்றை எழுதிவிட்டு மதிய உணவு மணிக்குக் காத்திருந்தவர்கள்தான் வகுப்பில் பெரும்பான்மை.

5. பிளஸ் டூ மார்க்தான் கெடுத்துச்சு, இல்லன்னா நான் டாக்டர். சரிதானே?

நீங்கள் எந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 2007 சேர்க்கைக்கு முன்பு மார்க்கோடு நுழைவுத்தேர்வும் சேரும். அதற்குப் பிறகு சுமார் பத்தாண்டு பிளஸ் டூ மார்க் மட்டும்: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப். 2017 முதல் நீட். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஒரே மாதிரி படித்த இரண்டு பிள்ளைகள், ஐந்தாறு வருட இடைவெளியில் பிறந்ததற்காக ஒருத்தி மருத்துவக் கல்லூரிக்கும் இன்னொருத்தி பி.எஸ்சி.க்கும் போயிருக்கிறார்கள். அக்காவையும் தங்கையையும் ஒப்பிட்டுப் பேசும் வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் போடுவதே இல்லை.

அரை மார்க்கில் இடம் போனவர்களும் உண்டு; அவர்கள் வருத்தம் நியாயமானது, சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷம் ஏற ஏறப் பழைய மார்க்கும் ஏறுவதைக் கவனித்திருக்கிறேன். விடைத்தாள் திருத்திய கைக்கு அதெல்லாம் மறப்பதில்லை.

6. எனக்கு வரையறதுதான் பிடிக்கும். எங்கப்பாதான் வலுக்கட்டாயமா இன்ஜினியரிங் சேர்த்தாரு. அவரை எப்படி மன்னிக்கிறது?

மன்னிப்பது உங்கள் விஷயம். அவர் எதைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்தார் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பின்னி குழுமத்தின் பி அண்ட் சி மில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. தாத்தா, அப்பா, சித்தப்பா என்று தலைமுறையாக ஒரே கேட்டுக்குள் போய்வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். 1996-ல் மில் மூடப்பட்டது. கைத்தொழிலில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் அடுத்த மாதமே வாட்ச்மேன் உடுப்பில் நின்றதை அந்தத் தெருப் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களின் அப்பாக்களும் பார்த்தார்கள். அதே காலத்தில்தான் ஊருக்கு ஊர் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைத்தன, ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்தது, பிறகு ஓ.எம்.ஆர். சாலை முழுக்க ஐ.டி. கம்பெனி. கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன் ஒரே ஆண்டில் அப்பாவின் சம்பளத்தைத் தாண்டினான். 'வரையப் போகிறேன்' என்று நீங்கள் சொன்னபோது உங்கள் அப்பா காதில் விழுந்தது வேறு ஏதோ.

இது அவர் செய்ததை நியாயப்படுத்த அல்ல. பிள்ளையின் நோட்டைக் கிழித்துப் போட்ட அப்பாக்களும் உண்டு. அதற்கு மில் காரணம் இல்லை. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள்: அவர் சின்ன வயதில் என்ன ஆக ஆசைப்பட்டார் என்று கேளுங்கள். நான் சொல்லிக் கேட்டவர்களில் பலர் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. ஓர் அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய், பீரோவிலிருந்து நாடகக் குழுவோடு எடுத்த ஒரு போட்டோவைக் கொண்டுவந்து வைத்தாராம். ராஜபார்ட் உடை, மீசை எல்லாம் ஒட்டி.

7. நான் பேனர் ஆர்ட்டிஸ்ட் ஆகணும்னு இருந்தேன். இப்போ அந்த வேலையே இல்லையே?

அண்ணா சாலையில் கையால் வரைந்த பிரம்மாண்ட சினிமா பேனர்களையும் கட் அவுட்டுகளையும் அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது உண்மையான இழப்பு. ஃபிளெக்ஸ் அச்சு வந்த சில ஆண்டுகளில் அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. தட்டச்சு நிலையம், எஸ்.டி.டி. பூத்துக்கும் அதே கதை. இங்கே உங்கள் தவறு என்று எதுவும் இல்லை. ஆசைப்பட்ட ஆள் இருந்தும் வேலைதான் போய்விட்டது.

மூன்றாம் கேள்வியின் சோதனையைப் போட்டுப் பாருங்கள். உங்களை இழுத்தது முகம் வரைவதா, ஊரே பார்க்கும் அளவா? முகம் என்றால் எந்தத் தாளும் போதும். அளவு என்றால் சுவர் ஓவியம் இருக்கிறது. 2020-ல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் வந்த ஓவியங்களை ஒருமுறை போய்ப் பாருங்கள், மாடி உயரத்துக்கு நிற்கின்றன. முறையாகப் படிக்க ஆசை என்றால் 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னும் இருக்கிறது. அதன் கண்காட்சிகளுக்குப் போய்வர மாணவராக இருக்க வேண்டியதில்லை.

8. கலாமுக்கே பைலட் ஆசை நடக்கலையாமே, நிஜமா?

நிஜம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். எடுத்தது எட்டுப் பேரை, அவர் ஒன்பதாவது. பிறகு ராக்கெட், ஏவுகணை, குடியரசுத் தலைவர் மாளிகை. 2006-ல், எழுபத்துநாலு வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

இதைத் தேற்றுவதற்கு எடுத்துச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவர் தோற்றது விமானியின் இருக்கையை. வானத்தை விட்டு அவர் நகரவே இல்லை. ஆசைப்பட்ட இடத்தின் பக்கத்து அறையில் வேலை தேடுவது நல்ல வழி என்பதற்கு இது உதாரணம். தோற்றவர்கள் எல்லாம் ஜனாதிபதி ஆவார்கள் என்பதற்கு இல்லை.

9. எனக்கு முப்பத்தெட்டு. எந்தக் கதவு மூடியாச்சு, எது திறந்திருக்கு? மழுப்பாம சொல்லுங்க.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். மூடியாகிவிட்டது. சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயது வரை ஆறு முறை, ஓ.பி.சி.க்கு 35 வரை ஒன்பது முறை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 37 வரை எத்தனை முறையும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பதவிகள் பலவற்றில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மேல் வயது வரம்பு இல்லை. படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரக் கூச்சம் வேண்டாம். அங்கே யாரும் தலை நிமிர்வதில்லை.

ராணுவம்: அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பரங்கிமலை அகாடமிக்கான வாசல் இருபதுகளிலேயே சாத்திவிடும். பலருக்குத் தெரியாத ஒன்று டெரிடோரியல் ஆர்மி. வேறு வேலையில் இருக்கும் பட்டதாரிகளை 42 வயது வரை அதிகாரிகளாக எடுக்கிறது. வேலையை விடத் தேவையில்லை. ரயில் இன்ஜின் ஓட்டுவது முப்பதையொட்டி முடிந்துவிடும், பிரிவைப் பொறுத்துச் சில ஆண்டுகள் கூடும். அதிலும் கண்ணாடி இல்லாமல் பார்வை சரியாக இருக்க வேண்டும், லேசிக் என்ற கண் லேசர் சிகிச்சை செய்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆசை போனது மார்க்கில் இல்லை, கண்ணில்.

விமானம் இதற்கு நேர்மாறு. கண்ணாடி போட்டுப் பார்வை சரியானால் போதும். கமர்ஷியல் பைலட் உரிமத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறப்பும், முதல் நிலை மருத்துவச் சான்றும் வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. ஆனால் செலவு பல லட்சம். அதைப் போட்டு முடித்தாலும் நாற்பது வயதுப் புதுமுகத்தை விமான நிறுவனம் எடுக்குமா என்பது வேறு கேள்வி. வக்கீல் ஆசை இருந்தால் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு பட்டம் முடித்தவர்களுக்கானதுதான். தலை நரைத்த ஜூனியர்கள் ஐகோர்ட் வளாகத்தில் கோப்புக் கட்டோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டு, ஓவியம், எழுத்துக்கெல்லாம் மூடுவதற்குக் கதவே கிடையாது.

10. நீட்டுக்கு வயசு வரம்பு இல்லைன்னாங்க. அப்போ நாற்பதுல எம்பிபிஎஸ் சேரலாமா?

2022-ல் மேல் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்பது சரி. சேரலாம். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, அதற்குள் நாற்பத்தாறு. அதுவரை வீட்டு இ.எம்.ஐ. யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மேலே யோசியுங்கள். கேட்ட பெண்ணுக்குப் பதில் இருக்கவில்லை.

அவளை மூன்றாம் கேள்விக்குத் திருப்பி அனுப்பினேன். யோசித்துவிட்டு வந்து, 'ஆஸ்பத்திரில பயந்துபோய் உக்காந்திருக்கவங்க பக்கத்துல உக்காரணும்மா, அதுதான்' என்றாள். அதற்கு எம்பிபிஎஸ் எதற்கு? நோய் முற்றியவர்களைக் கவனிக்கும் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவை. பயிற்சியும் அவர்களே கொடுக்கிறார்கள். அவள் சனிக்கிழமைகளில் போகிறாள். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

11. கிரிக்கெட்ல கடைசி வரைக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கலை. வருண் சக்கரவர்த்தி மாதிரி லேட்டா வர முடியாதா?

அவர் ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இந்தியாவுக்காக 2021-ல் முதன்முறை ஆடியபோது முப்பதை நெருங்கியிருந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் திரும்பி வந்தபோது அவருக்கு இருபத்தைந்தையொட்டிய வயது. கேட்ட உங்களுக்கு நாற்பத்திரண்டு. முட்டியும் வேறு.

சேப்பாக்கத்தில் ஆடுவது முடிந்துபோன விஷயம். கீழ் டிவிஷன் லீக், அலுவலக அணிகள் இருக்கின்றன. மாநிலச் சங்கங்கள் அம்பயர், ஸ்கோரர் தேர்வுகள் நடத்துகின்றன. விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அது ஏற்ற வழி. வெள்ளைத் தொப்பி போட்டு மைதானத்தின் நடுவில் நிற்பது, டிவி முன்னால் கத்துவதைவிட எவ்வளவோ மேல்.

12. சினிமா ஆசையில சென்னைக்கு வந்தேன். இப்போ சாப்பாடு டெலிவரி. ஊருக்குத் திரும்பிடட்டுமாம்மா?

இவர் என் மாணவர் இல்லை. எங்கள் தெருவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் தேனிப் பக்கத்துத் தம்பி. இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன ஆறு மாதத்தில் எதையாவது எழுதினீர்களா, நடித்தீர்களா, எடுத்தீர்களா? போனில் எடுத்த ஐந்து நிமிடப் படமாக இருந்தாலும் சரி. எடுத்தேன் என்றால் நீங்கள் சினிமாவில் இருக்கிறீர்கள். டெலிவரி அதற்கு வாடகை கட்டுகிறது. எதுவும் இல்லை, சாலிகிராமம் டீக்கடையில் 'பேசிட்டிருக்கேன்' என்றால், நீங்கள் சென்னையில் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்தபடிதான் நாடக மேடை ஏறினார். டெலிவரி ஓட்டுவதை ஊரில் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. திரும்புவதா வேண்டாமா என்பதற்கு நீங்களே ஒரு தேதி வைத்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தேதி இல்லாமல் காத்திருப்பது அவருக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

13. வேலையை விட்டுட்டு முழுசா இறங்கணுமா, சனி ஞாயிறு போதுமா?

இறங்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. அதில் பேசுபவர்களின் வருமானம் அந்த வீடியோதான். எனக்குத் தோன்றும் உதாரணம் ராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். கணித மேதைக்குக் குமாஸ்தா வேலையா என்று நாம்தான் உச்சுக் கொட்டுகிறோம். அந்த வேலை அவருக்குச் சோறு போட்டது, நேரம் விட்டது. அங்கே கணிதம் தெரிந்த ஒரு மேலதிகாரியும், நாராயண ஐயர், வாய்த்தார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தபிறகுதான் மேஜையை விட்டு எழுந்தார்.

எனவே வேலையை விடுவதைவிட எந்த மாதிரி வேலை என்று பாருங்கள். ஆறு மணிக்கு விடும் வேலை, வீட்டுக்குப் பக்கத்து வேலை, தலைக்குள் தொற்றிக்கொண்டு வராத வேலை. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அதற்கு மாறலாமா என்று வீட்டில் பேசுங்கள். சிறுசேரி போய்வரவே நாலு மணி நேரம் ஆகும் ஒருவருக்குச் சனி ஞாயிறு தூங்கத்தான் சரியாக இருக்கும்.

14. நினைச்ச மாதிரியே போலீஸ் ஆயிட்டேன். ஆனா சந்தோஷமா இல்லையே?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள், என்னவோ குற்றம் செய்த மாதிரி. நடக்காத ஆசைக்காவது அழ உரிமை உண்டு. நடந்துவிட்டால் புலம்பவும் முடியாது. பதினொரு வயதில் பார்த்தது காக்கிச் சட்டை. பந்தோபஸ்து என்றால் சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பது என்று கட்டுரை நோட்டில் யார் எழுதினார்கள்? பெண் போலீசுக்கு அங்கே கழிவறை எங்கே என்று யார் யோசித்தார்கள்?

வேலை பிடிக்கவில்லையா, இந்தப் பணியிடம் பிடிக்கவில்லையா என்று முதலில் பாருங்கள். என்னிடம் கேட்டவர் சட்டம் ஒழுங்கிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிப் போனபிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாறினாலும் தீரவில்லை என்றால், ஒன்பதாவது கேள்விக்குப் போங்கள். கனவு நிறைவேறியவர்களுக்கும் வயது வரம்பு அதேதான்.

15. ஸ்கூல் ரீயூனியன்ல 'நீ சயின்டிஸ்ட் ஆகணும்னு சொன்னியேடா'ன்னு ஓட்டுறாங்க. என்ன சொல்றது?

'நீ விஜயகாந்த் ஆகணும்னு சொன்னியேடா' என்று திருப்பிச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது. யாருக்கு எது என்பது தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

16. நீங்க டீச்சராத்தான் ஆகணும்னு இருந்தீங்களா?

இல்லை, வானொலியில் செய்தி வாசிக்க ஆசை. காமராஜர் சாலை நிலையத்தில் குரல் தேர்வுக்கும் போனேன், எடுக்கவில்லை. என் சோதனையை எனக்கே வைத்துப் பார்த்ததில், எனக்கு வேண்டியிருந்தது உரக்கப் படிப்பது என்று தெரிந்தது. அதைப் பணிக்காலம் முழுக்க, எழுந்து ஓட முடியாத கூட்டத்துக்கு முன்னால் செய்தேன். வானொலி என்றால் அணைத்துவிடுவார்கள்.

17. பையன் செஸ் நல்லா ஆடுறான். குகேஷ் மாதிரி ஸ்கூலை நிறுத்திடலாமா?

குகேஷ் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டார். டாக்டரான அப்பா தன் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அதே சென்னையில் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த், லயோலாவில் பி.காம். முடித்தவர், அவரும் உலக சாம்பியன். ஆக இரண்டு வழிக்கும் சாட்சி இருக்கிறது. பள்ளியை நிறுத்திவிட்டு எங்கேயும் போய்ச் சேராத பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேப்பரில் வராது.

நான் கேட்பது: அவன் தோற்ற ஆட்டத்தை அன்று ராத்திரியே திரும்ப ஆடிப் பார்க்கிறானா? நீங்கள் சொல்லாமல்? அப்படியென்றால் கோச்சிடம் பேசுங்கள், பள்ளியில் விடுப்புக்குப் பேசுங்கள், நிறுத்துவது கடைசி. கோப்பையை ஷோகேஸில் அடுக்குவது நீங்கள்தான் என்றால், ஆறாம் கேள்வியில் வரும் அப்பாவுக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் பயந்தார், நீங்கள் ஆசைப்படுகிறீர்கள்.

'பொண்ணு யூடியூபர் ஆகணும்கிறா' என்று கேட்பவர்களுக்கும் இதேதான். சண்டை போடாமல், ஏன் என்று கேளுங்கள். எடிட்டிங் பிடிக்கிறதா, பேசப் பிடிக்கிறதா, சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை பிடிக்கிறதா? அவள் இரண்டாவது வரியை எழுதட்டும்.

18. ரிட்டயர் ஆயிட்டேன். சின்ன வயசுல மிருதங்கம் வாசிக்க ஆசை. இப்போ ஆரம்பிச்சா சிரிப்பாங்களா?

கேட்டவர் ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். அவருக்குச் சொன்னது: சிரிப்பார்கள், பேரப்பிள்ளைகள் முதலில். வாத்தியாரிடம் முதல் நாளே 'மேடைக்கு இல்லை, எனக்காக' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளை விரட்டுகிற மாதிரி உங்களையும் விரட்டுவார். தரையில் சம்மணம் போட்டு அரை மணி நேரம் உட்கார முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வாத்தியத்தை ஸ்டாண்டில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகலாம்.

வாங்குவதற்கு முன் வாத்தியாரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். தோல் வார் பிடித்ததும் உண்டு, நட்டு போல்ட் வைத்ததும் உண்டு. பட்டறைக்காரர் என்பதால் அவருக்கு இரண்டாவதுதான் பிடித்துப்போனது, ஸ்பேனரும் கையில் இருக்கிறதாம். சாதகம் காலை ஆறு மணிக்கு வேண்டாம். ஃபிளாட்டில் இருந்தால் மாடி வீட்டுக்காரர்களிடம் முதல் வாரமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.